பழவேற்காட்டில் இன்று, மதராசில் போன வருஷம்

ஒரு சின்ன கணக்கு போடலாம். 1660-ம் வருஷம் பிப்ரவரி 20-ம் தேதி காலையில், பழவேற்காட்டு டச்சுக் கோட்டையிலிருந்து ஒரு ஆள் கடலோரமாகவே தெற்கே நடந்து மதராசுக்குக் கிளம்பறான்னு வச்சுக்குங்க. ரெண்டு நாள் நடை. ஜார்ஜ் கோட்டை வாசலில் போய் நிக்கும்போது, அங்கே இருக்கிற வெள்ளைக்காரக் குமாஸ்தா தன் நோட்டில் என்ன தேதி எழுதுவார்?

பிப்ரவரி 12, 1659.

கிளம்பின தேதிக்கு ஒரு வருஷம் எட்டு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டான் நம்மாளு! டைம் மெஷின் கதையெல்லாம் இல்லைங்க, காலண்டர் கதைதான். 1582-ல் போப் கிரிகோரி பழைய ஜூலியன் காலண்டரைத் திருத்தி பத்து நாளைத் தூக்கினார். டச்சுக் கம்பெனிக்குப் பெரும்பங்கு பணம் போட்ட ஹாலந்து, ஜீலந்து மாகாணங்கள் ரெண்டும் புராட்டஸ்டன்ட் ஊர்தான், இருந்தாலும் உடனடியா புதுக் கணக்குக்கு மாறிடுச்சு. இங்கிலாந்து மட்டும் 'போப் சொல்லி நாங்க கேக்கறதா' என்று 170 வருஷம் முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. போதாததுக்கு இங்கிலீஷ்காரங்களுக்குச் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். அதனால ஜனவரி, பிப்ரவரி ரெண்டும் அவங்களுக்கு இன்னும் போன வருஷம். 1752 செப்டம்பர் 2-ம் தேதி தூங்கப்போன பிரிட்டிஷ் ராஜ்ஜியம் செப்டம்பர் 14-ல் கண் முழிச்சதோட இந்தக் கூத்து முடிஞ்சது.

அதுவரைக்கும் சோழமண்டலக் கரையில ஊருக்கு ஒரு தேதி. பழவேற்காட்டில் டச்சுக்காரன் புதுக் கணக்கு. மதராசில் இங்கிலீஷ்காரன் பழைய கணக்கு. அவனுக்கு நாலு மைல் தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியன் புதுக் கணக்கு. தரங்கம்பாடி டேனிஷ்காரன் 1700 வரைக்கும் பழைய கணக்கு. பழைய கம்பெனி ஆவணங்களைப் படிக்கிறவங்க முதல்ல தடுக்கி விழறது இந்த இடத்தில்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, நடந்து போன அந்த ஆளுக்குத் தலைவலி வந்திருக்காது. ராத்திரி படுத்தா தூக்கம் வந்திருக்கும், காலையில பசிச்சிருக்கும். தேதியில ஒரு வருஷம் எட்டு நாள் பிசகியும் உடம்புக்கு ஒண்ணும் ஆகலை. அதே மதராசிலிருந்து இன்னிக்கு லண்டன் போறவருக்கு வித்தியாசம் வெறும் ஐந்தரை மணி நேரம். அவர் ஒரு வாரத்துக்கு அதிகாலை மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார். காகிதத்துல இருக்கிற நேரத்தை எவன் வேணா மாத்தலாம், உடம்புக்குள்ள இருக்கிற நேரம் மசியாது. ஜெட் லாக்கைப் பத்தி எழுதணும்னு உட்கார்ந்தவன் பழவேற்காட்டுக்குப் போனது இதனாலதான்.

டச்சுக்காரங்க 1610 வாக்கில் பழவேற்காட்டில் கால் வச்சாங்க, 1613-ல் கெல்ட்ரியா கோட்டை. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் இந்தக் கரையோட டச்சு கவர்னர் இங்கேதான் இருந்தார். ஆம்ஸ்டர்டாமுக்கும் பழவேற்காட்டுக்கும் சூரியக் கணக்கில் வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் (தீர்க்கரேகை 75 பாகை, பாகைக்கு 4 நிமிஷம்). ஆனா கப்பல் வர எத்தனை மாசம்? தென் அட்லாண்டிக்கில் காத்துக்காக ஒரு சுத்து, நன்னம்பிக்கை முனையில் ஓய்வு, பெரும்பாலும் ஜாவாவில் இருக்கிற பட்டேவியா வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பி இந்தக் கரை. சராசரியா எட்டு மாசம்னு வச்சாக்கூட, ஐந்து மணி நேரத்தை 240 நாளுக்குப் பங்கு போட்டா நாளுக்கு ஒண்ணேகால் நிமிஷம்! கப்பலில் தினமும் சூரியன் உச்சிக்கு வர்ற நேரம்தான் நடுப்பகல். அதுல ஆரம்பிச்சு அரை மணி மணல்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வச்சு மணி அடிப்பாங்க. அதனால கடிகாரம் தினமும் தானே கொஞ்சம் நகர்ந்துக்கும், உடம்பும் கூடவே நகர்ந்துடும். வழியில் சொறி நோய் வந்து பல் கொட்டினவன் உண்டு, கடல்ல போனவன் உண்டு. பழவேற்காட்டுக் கல்லறையில் எலும்புக்கூடு செதுக்கின வாசலைப் பார்த்தவங்களுக்கு அந்த ஆட்கள் இங்கே எப்படி வாழ்ந்தாங்கன்னு கொஞ்சம் புரியும். ஆனா ஜெட் லாக்கால அவதிப்பட்டவன் ஒருத்தன்கூட இருந்திருக்க முடியாது.

சரி, வந்தவன் கதையை விடுங்க. இருந்தவங்க எந்த நேரத்துல இருந்தாங்க?

சுண்ணாம்புக்குளம் ஏரியோட மேற்குக் கரையில, கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கு. ஆந்திர எல்லை எட்டிப் பிடிக்கிற தூரம். ஏரியில் கிளிஞ்சல் எடுத்து சுண்ணாம்பு சுட்ட பகுதி என்பதால் பேருக்குக் காரணம் தேடி ரொம்ப அலைய வேண்டாம். இந்த மாதிரி ஊர்களில் நாள் என்பது சூரிய உதயத்தில் ஆரம்பிச்சு அறுபது நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம். ஆனா மீன் பிடிக்கிறவனுக்கு சூரியன் மட்டும் போதாது, நிலாவும் வேணும். ஓதம் ஏறுவதும் வற்றுவதும் நிலாவைப் பிடிச்சு நடக்குது. நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தாமதமா வருது. நாழிகைக் கணக்கில் ரெண்டு நாழிகை, கச்சிதமா இல்லைன்னாலும் கிட்டத்தட்ட. இன்னிக்கு காலை ஆறு மணிக்கு ஏறின ஓதம் நாளைக்கு ஆறு ஐம்பதுக்கு, அதுக்கு அடுத்த நாள் ஏழு நாற்பதுக்கு. பதினைஞ்சு நாளில் ஒரு சுத்து வந்துடும். (சுண்ணாம்புக்குளம் பக்கம் ஓதம் அவ்வளவா தெரியாது. தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அதன் ஆட்டமெல்லாம். முகத்துவாரம் மணல் மூடிக்கிச்சுன்னா அங்கேயும் ஆட்டம் க்ளோஸ்.) எந்த இடத்தில் யார் வலை போடறதுன்னு முறை வச்சுப் பிரிச்சுக்கிற 'பாடு' வழக்கம் இங்கே ரொம்ப பழசு. முறை ஊரோடது, நேரம் தண்ணியோடது.

இப்ப இதை விமானக் கணக்கில் பாருங்க. நாளுக்கு 50 நிமிஷம் தாமதமா வேலைக்குப் போறவன், தினமும் ஏறக்குறைய ஒரு நேர மண்டலம் மேற்கே போறவனுக்குச் சமம். ஊரை விட்டு நகராமலே! இது எனக்குத் தோணின ஒப்பீடுதான், ஆனா இதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. பின்னாடி வரேன்.

நேரத்தை உத்தரவு போட்டு மாத்தின கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வுக் கூடம் வந்தது. அங்கே அளந்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னாடி. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடுவாந்தரமா இருந்ததால் 1870-கள் தொட்டு ரயில்வேக்காரங்க நாடு முழுக்க மதராஸ் நேரத்தையே எடுத்துக்கிட்டாங்க. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வந்தது, மதராஸ் ஒன்பது நிமிஷம் முன்னாடி தாவினது. கல்கத்தா 1948 வரைக்கும் பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் சொந்த நேரத்தையும் விடாம வச்சிருந்தது அவங்க பிடிவாதம். ரெண்டாம் உலகப் போரின்போது 1942-லிருந்து 1945 வரை நாடே ஒரு மணி நேரம் முன்னாடி ஓடினது. அதே 1942-ல் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சதும் மலாயாத் தமிழர்கள் டோக்கியோ நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டியதாச்சு, ஒரேயடியா ஒன்றரை மணி நேரம்.

நம்ம தலைமுறைக்கு நெருக்கமான கதை இலங்கையோடது. மின்சாரப் பற்றாக்குறைன்னு 1996 மே மாசம் கொழும்பு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினது, அக்டோபரில் அரை மணி பின்னாடி இழுத்தது. 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பினது. இந்தப் பத்து வருஷமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவில், ஒரே சூரியனுக்குக் கீழே, சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் வேற மணி. ஈழத்து நண்பர்களிடம் கேட்டுப் பாருங்க, "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற கேள்வி அவங்களுக்கு மறந்திருக்காது. அங்கேயும் மக்களுக்கு வந்த துன்பம் ஆயிரம், அதுல இந்த அரை மணி நேரம் சேர்த்தி இல்லை. சூரியன் மாறலையே.

சூரியனையே மாத்தற வேகம் வந்தது 20-ம் நூற்றாண்டில். அதுவும் உடனே இல்லை. 1929-ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமான சர்வீஸ் ஆரம்பிச்சப்போ பயணம் ஏழு நாள், ராத்திரியில் இறங்கித் தூங்கிட்டுத்தான் மறுநாள் கிளம்புவாங்க. நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் மாறும், உடம்பு தாங்கிடும். முதல்ல இடிச்சுக்கிட்டவர்னு வைலி போஸ்டைச் சொல்லலாம். ஒத்தைக் கண்ணுள்ள அமெரிக்க விமானி. 1931-ல் ஹெரால்ட் கேட்டியோட சேர்ந்து 8 நாள் 15 மணி 51 நிமிஷத்தில் உலகத்தைச் சுத்தி வந்தார். கிளம்பறதுக்கு முன்னாடியே தினமும் வெவ்வேற நேரத்தில் தூங்கிப் பழகி, உடம்போட ஒழுங்கை வேணும்னே கலைச்சுக்கிட்டாராம். மருந்து கரெக்டா இல்லையாங்கிறது வேற, நோயை ஜெட் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டார் மனுஷன்.

1948 ஜூன் 8-ல் ஏர் இந்தியா பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியா லண்டனுக்கு. 1960-ல் போயிங் 707 வந்து, அதே மே மாசம் நியூயார்க். 'ஜெட் லாக்' என்ற வார்த்தை 1966-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் பயணக் கட்டுரையில் அச்சாச்சு. அதுக்கப்புறம் அது நம்ம வீட்டு வார்த்தை ஆயிடுச்சு.

இப்ப உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்கு வருவோம். இதுல ஒரு மதராஸ் கதை இருக்கு, பலருக்குத் தெரியாது. எம்.கே.சந்திரசேகரன்னு ஒரு விலங்கியல் விஞ்ஞானி. மெரீனா மாதிரி கடற்கரையில அலை திரும்பும்போது ஈர மணலுக்குள்ள சரேல்னு குடைஞ்சு ஒளியுமே, கட்டைவிரல் அளவு மணல் நண்டு வகை, அதைப் பிடிச்சு ஆராய்ச்சிசாலையில் வச்சுப் பார்த்தார். அலையும் இல்லை, ஓதமும் இல்லை. ஆனாலும் அது ஓடறதும், அது எடுக்கிற ஆக்சிஜனும், வெளியே கடல்ல ஓதம் ஏறி இறங்கற தாளத்துக்கே கூடிக் குறைஞ்சது. பகல்-இரவுத் தாளமும் கூடவே இருந்தது. 1965-ல் ஜெர்மன் ஆய்விதழில் வந்த கட்டுரை அது. நான் நாழிகைக் கணக்கு போட்டுக் காட்டினேனே, அந்த ரெண்டு கடிகாரமும் ஒரு சுண்டு நண்டுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு!

பின்னாடி அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களை எடுத்துக்கிட்டார். இருட்டுக் குகைக்குள்ள கூண்டில் அடைச்ச வௌவால், சுத்தி மத்த வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போய் விடியலில் திரும்பறதை வச்சே தன் நேரத்தைச் சரி பண்ணிக்குதுன்னு அவர் குழு காட்டினது. தனியா விட்டா கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போயிடும். அப்புறம் மனுஷங்களையே வாரக்கணக்கில், கடிகாரமும் வெயிலும் எட்டாத ஒரு அறையில தனியா வச்சுப் பார்த்தாங்க. சிலருக்கு தூக்கம் ஒரு தாளம், உடம்புச் சூடு இன்னொரு தாளம்னு ரெண்டும் பிரிஞ்சே போச்சு. ஜெட் லாக்கின்போது நமக்கு ஆகறது ஏறக்குறைய இதுதான். மூளை ஒரு ஊரில், வயிறு இன்னொரு ஊரில்.

நம்ம உள்கடிகாரம் சரியா 24 மணி நேரமும் இல்லை, பெரும்பாலானவங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் போல கூடுதல். அதனால தாமதிக்கிறது அதுக்குச் சுலபம், முந்தறது கஷ்டம். மேற்கே போனா சமாளிச்சுடலாம், கிழக்கே வந்தா படுத்தும். ஓதத்தின் பின்னாடி தினமும் 50 நிமிஷம் தாமதமாகிற மீனவன் உடம்புக்குச் சுலபமான திசையில்தான் போறான், அதுவும் உடம்பு தாங்கற வேகத்தில். நான் பின்னாடி வரேன்னு சொன்னது இதுதான்.

கடிகாரத்தைத் திருப்பற சாவி வெளிச்சம். ஆனா எப்ப வேணும்னாலும் வெயில்ல நின்னா போதும்னு நினைக்காதீங்க, அங்கேதான் நிறைய பேர் சறுக்கறது. நீங்க வழக்கமா எழுந்திருக்கிற நேரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி உடம்புச் சூடு அடிமட்டத்தில் இருக்கும். அதுக்கு முன்னாடி பட்ட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளும், அதுக்குப் பிறகு பட்டது முன்னாடி தள்ளும்.

டிசம்பரில் லண்டனிலிருந்து சென்னை வர்றீங்க, அங்கே ஏழு மணிக்கு எழுந்த ஆள். உங்க அடிமட்டம் லண்டன் நாலரை, அதாவது சென்னை காலை பத்து. வந்திறங்கின காலையில ஆறு மணிக்கே 'வெயில் நல்லது'ன்னு பீச்சுக்கு வாக்கிங் போனா கடிகாரம் எதிர்த் திசையில் ஓடும். பத்து மணி வரைக்கும் திரை போட்டு வீட்டுக்குள்ள இருங்க, இல்லைன்னா கறுப்புக் கண்ணாடி. பத்துக்கு மேல வெளியே கிளம்புங்க. அடுத்தடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னாடி, முன்னாடின்னு கொண்டு வாங்க. போகும்போது இதுக்கு நேர் எதிர்: ராத்திரி பத்து வரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் முழிச்சிருங்க, மூணு மணிக்கு விழிப்பு வந்தா லைட்டைப் போடாதீங்க, லேப்டாப்பைத் திறக்காதீங்க. (பதிவு எழுத அதைவிட நல்ல நேரம் கிடைக்காதுங்கறது எனக்கும் தெரியும் :-))

கலிபோர்னியா ஆட்களுக்குக் கணக்கு பன்னிரண்டரை, பதிமூணரை. பகல் ராத்திரி தலைகீழ். ஒரு வாரத்துக்கு மேல ஆகும், முதல் நாளே கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்கார ஒத்துக்காதீங்க. ரெண்டு மூணு நாள் வேலையா மட்டும் போறவங்க உடம்பை மாத்தவே வேண்டாம், ஊர் நேரத்திலேயே தூங்கி எழுந்து திரும்பிடலாம். மெலடோனின் மாத்திரை ஐந்து நேர மண்டலத்துக்கு மேல, குறிப்பா கிழக்கே போகும்போது உதவுதுன்னு 2002-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. போய்ச் சேர்ற ஊரில் படுக்கிற நேரத்துக்கு எடுக்கணும், தப்பான நேரத்தில் எடுத்தா தப்பான பக்கம் இழுக்கும். டாக்டரைக் கேட்டுக்கிட்டே எடுங்க. மத்தியானத்துக்கு மேல காபி வேண்டாம். பேரன் பேத்தி பார்க்க அமெரிக்கா போற அப்பா அம்மா இன்சுலின் போடறவங்களா இருந்தா, எந்த வேளை ஊசி எப்போன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க. தூக்கம் கெடறதைவிட இது முக்கியம்.

இவ்வளவும் டிக்கெட் வாங்கிப் போறவங்களுக்கு. அவங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு: போன ஊரில் சூரியனும் மாறிடுது, ஒரு வாரத்தில் அதுவே இழுத்துச் சரி பண்ணிடும். ஏரியில் ராத்திரி முழுக்க இறாலுக்குக் காத்திருந்து விடியலில் கரைக்கு வர்றவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஓதம் நகர்ந்துக்கிட்டே போகும், சூரியன் நகராது. வீட்டுக்கு வந்து படுக்கிற நேரத்தில் கூரை தகதகன்னு காயும், தெருவில் குழந்தைங்க. தண்ணிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் வினாடியைத் தலைகீழா எண்ணி ராக்கெட் விடறாங்க, இந்தப் பக்கம் நேரம் கெட்ட நேரத்தில் தூங்கற ஆளுக்கு யாரும் கணக்கு வச்சுக்கறதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிற அவன் பையனுக்கும் இதே கதி, பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு போன் எடுக்கிறவனுக்கும் இதே கதி. இரவு வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது, 2019-ல் மறுபடி பார்த்தும் எடுக்கலை.

இவங்களுக்குச் செய்ய முடிஞ்சது கொஞ்சம்தான்: வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கம், காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கிற இடத்தில் கெட்டித் துணி போட்டு இருட்டு, அந்தச் சில மணி நேரத்துக்கு எழுப்பாம இருக்க வீட்டில் ஒரு ஆள். வெயில்ல வலை அலசிட்டு வர்றவனுக்கு ரெண்டாவது நடக்கற காரியமில்லை. மூணாவதும் நாலாவதும் வீட்டில் இருக்கிறவங்க கையில.

பழவேற்காட்டில் பள்ளிவாசல் ஒன்றில் பழைய நிழற்கடிகாரம் இருக்கு. போனா பாருங்க. உங்க கைக்கடிகாரத்தோட ஒத்துப்போகாது, ஒன்பது நிமிஷமும் மாசத்துக்குத் தக்க இன்னும் கொஞ்சமும் தள்ளி இருக்கும். ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க.